போகாத ஊருக்கு வழி சொல்லும் பெட்டி

(‘நல்ல இசையை நம்மிடம் கொண்டு சேர்ப்பது மனிதர் காதா? இயந்திரக் கணக்கா?’ என்ற தலைப்பில் சுந்தரபாண்டியத்தில் நடைபெற்ற பட்டிமன்றத்தில், ‘மனிதர் காதே’ என்ற அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே! என் பக்கத்திலே இருந்து வாதாடுகிற அன்பர்களே! எதிர்ப் பக்கத்திலே இருந்து கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிற நண்பர்களே! பகலெல்லாம் தறியிலே உட்கார்ந்து, இரவிலே தமிழ் கேட்பதற்காக மண்ணிலே வந்து உட்கார்ந்திருக்கிற சுந்தரபாண்டியத்துப் பெரியோர்களே, தாய்மார்களே!

எனக்கு முன்னாலே பேசிய தம்பி அழகாகப் பேசினார். ‘கையிலே இருக்கிற செல்போன் நாம் என்ன பாட்டுக் கேட்கிறோம், எத்தனை தடவை கேட்கிறோம், எந்த இடத்திலே நிறுத்துகிறோம் என்று ஒன்று விடாமல் குறித்து வைத்துக்கொள்கிறது. அப்புறம், உங்களுக்கு இந்தப் பாட்டும் பிடிக்கும் என்று எடுத்து நீட்டுகிறது. கட்டின மனைவிகூட நம்மை இவ்வளவு கவனிப்பதில்லை’ என்றார். (சிரிப்பு)

தம்பி, மனைவி கவனிக்காமல் இல்லை. கவனித்ததை வெளியே விற்பதில்லை. அந்த நாகரிகம் இந்தப் பெட்டிக்கு இல்லை! (சிரிப்பு, கைதட்டல்)

எதிராளியை மதிக்கத் தெரியாதவன் வாதாட வரக்கூடாது என்பார்கள். அதனாலே இந்தக் கருவியின் வரலாற்றை முதலில் நானே சொல்லிவிடுகிறேன்.

1994ஆம் வருஷம். அமெரிக்காவிலே மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம். அங்கே படித்த உபேந்திர ஷர்தானந்த் என்கிற மாணவரும், அவருக்கு ஆசிரியராக இருந்த பேட்டி மேஸ் என்கிற அம்மையாரும் ‘ரிங்கோ’ என்று ஒரு ஏற்பாடு செய்தார்கள். எந்தப் பாடகருக்கு எத்தனை மதிப்பெண் போடுவீர்கள் என்று மின்னஞ்சலிலே எழுதி அனுப்ப வேண்டும். உங்களைப் போலவே மதிப்பெண் போட்ட ஆட்களைக் கணிப்பொறி தேடும். அவர்களுக்குப் பிடித்து நீங்கள் இன்னும் கேட்காதது எது என்று பார்த்து உங்களுக்குச் சொல்லும். ஒருவர் வாயால் சொல்லி ஒருவர் கேட்கிற பரிந்துரையை இயந்திரத்தின் மூலம் நடத்த முடியுமா என்பதுதான் அவர்கள் கேள்வி.

2002இலே இங்கிலாந்திலே சவுதாம்ப்டன் பல்கலைக்கழகம். ரிச்சர்டு ஜோன்ஸ் என்கிற மாணவர் தம் படிப்புக்காக ‘ஆடியோஸ்க்ராப்ளர்’ என்று ஒன்றைச் செய்தார். கணிப்பொறியிலே நாம் கேட்கிற பாட்டெல்லாம் தானாகவே பேரேட்டிலே ஏறிக்கொள்ளும். அது பிற்பாடு ‘லாஸ்ட் எஃப்எம்’ என்கிற கம்பெனியோடு சேர்ந்தது. பாதிப் பாட்டு, அல்லது 4 நிமிஷம், எது முதலில் முடிகிறதோ அதுவரை கேட்டால்தான் கணக்கிலே சேரும் என்று விதிகூட வைத்திருக்கிறார்கள். 2007இலே அந்தக் கம்பெனியை சி.பி.எஸ். நிறுவனம் என்ன விலைக்கு வாங்கியது தெரியுமா? 28 கோடி டாலர்! நாம் பாட்டுக் கேட்டோம். அவர்கள் நோட்டு எழுதினார்கள். நோட்டு எழுதியவனுக்குக் காசு! (சிரிப்பு)

இப்போது ஸ்பாட்டிஃபை. 2015 ஜூலையிலிருந்து திங்கட்கிழமைதோறும் 30 பாட்டு பொறுக்கிக் கொடுக்கிறார்கள். 2019 பிப்ரவரியிலே இந்தியாவுக்கும் வந்துவிட்டார்கள். வருஷக் கடைசியிலே, நீ இந்த வருஷம் இதைத்தான் அதிகம் கேட்டாய் என்று வண்ணப் படம் போட்டுக் கொடுக்கிறார்கள். பையன்களும் பெண்களும் அதை ஊருக்கெல்லாம் காட்டுகிறார்கள். எல்லாம் உண்மை. எதையும் நான் மறுக்கவில்லை.

ஆனால் நடுவர் அவர்களே, இன்னொரு உண்மையைத் தம்பி சொல்லாமல் விட்டுவிட்டார். 2000ஆம் வருஷத்திலே அமெரிக்காவிலே இசை மரபணுத் திட்டம் என்று ஒன்று தொடங்கினார்கள். பண்டோரா என்கிற இணைய வானொலி அதிலே பிறந்தது. ஒரு பாட்டுக்கு இத்தனை குணம் என்று 450 வரைக்கும் பிரித்தார்கள். பிரித்தது யார்? இசை படித்த மனிதர்கள்! ஒவ்வொரு பாட்டையும் ஏறக்குறைய 20 நிமிஷம் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எழுதினார்கள். திங்கட்கிழமை 30 பாட்டு வருகிறதே, அதுவும் எப்படி? கோடிக்கணக்கான மனிதர்கள் தாங்களாகக் கோத்து வைத்த பாட்டுப் பட்டியல்களைப் பார்த்து, எந்தப் பாட்டுக்குப் பக்கத்திலே எந்தப் பாட்டு வருகிறது என்று கணக்கு எடுத்துத்தான். பூப் பறித்தவன் மனிதன், கோத்தவன் மனிதன். கூடை தூக்கிக்கொண்டு வருவதுதான் இயந்திரம். கூடைக்கு மாலை போடச் சொல்கிறார் தம்பி! (கைதட்டல்)

நான் தமிழ் வாத்தியார். பரிந்துரை என்றால் என்ன என்பதை எங்கள் பாட்டனார்கள் 2000 வருஷத்துக்கு முன்னாலேயே இலக்கணம் போட்டு வைத்துவிட்டார்கள். அதற்குப் பேர் ஆற்றுப்படை. பத்துப்பாட்டிலே 5 பாட்டு ஆற்றுப்படை. திருமுருகாற்றுப்படை நம்மை முருகனிடம் அனுப்புகிறது. மற்ற நான்கிலும் வழி கேட்டு நிற்கிறவர்கள் யார்? பொருநர், பாணர், கூத்தர். எல்லாரும் நம் பாட்டுக்காரர்கள், ஆட்டக்காரர்கள்!

என்ன நடக்கிறது? வழியிலே ஒரு கலைஞன் வருகிறான். பசி. யாழைச் சுமந்துகொண்டு, சுற்றத்தைக் கூட்டிக்கொண்டு வாடிப்போய் வருகிறான். எதிரே இன்னொரு கலைஞன் பரிசிலோடு வருகிறான். ‘ஏம்ப்பா, நானும் உன்னை மாதிரித்தான் இருந்தேன். கரிகாலனிடம் போனேன். இப்படி வரவேற்றான், இப்படிச் சோறு போட்டான், இதைக் கொடுத்தான். நீயும் போ. இந்த வழியாகப் போ’ என்கிறான். இதற்கு இலக்கணம் என்ன? தான் பெற்றதைப் பெறாதவனுக்குச் சொல்ல வேண்டும். பெறாதவன் ஆற்றுப்படுத்த முடியாது! போய் வந்தவன்தான் வழி சொல்லலாம்.

இந்தப் பெட்டி எந்தப் பாட்டுக்குப் போய்விட்டு வந்தது? எந்தப் பாட்டைக் கேட்டு அது ஒரு வேளை சோற்றை மறந்தது? போகாத ஊருக்கு வழி சொல்வது என்று நாட்டிலே ஒரு பேச்சு உண்டு. அது இதுதான்! (பலத்த கைதட்டல்)

நம் பக்கத்து ஆற்றுப்படைக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கடைத்தெருவிலே கேசட் பதிந்து கொடுக்கிற கடைகள் இருந்த காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு தாளிலே பாட்டு எழுதிக் கொண்டுபோய்க் கொடுப்போம். கடைக்காரர் முதலில் தாளைப் படிப்பார். படித்துவிட்டு ஆளைப் பார்ப்பார். (சிரிப்பு) ‘என்ன தம்பி, போன மாசம் எல்லாம் காதல் பாட்டு, இந்த மாசம் எல்லாம் சோகப் பாட்டு. பொண்ணு வீட்ல ஒத்துக்கலையா?’ (பலத்த சிரிப்பு) கணிப்பொறி இல்லாமல், பேரேடு இல்லாமல், நம் கேள்விப் பழக்கத்தை அவர் படித்துவிட்டார்!

60 நிமிஷக் கேசட் என்றால் ஒரு பக்கத்துக்கு 30 நிமிஷம். நாம் எழுதின பாட்டெல்லாம் பதிந்த பிறகு கடைசியிலே கொஞ்சம் நாடா மிச்சம் இருக்கும். அதிலே அவராகவே ஒரு பாட்டைப் போட்டு விடுவார். நாம் கேட்காத பாட்டு. நம் தாளிலே இருக்கிற எந்தப் பாட்டோடும் சம்பந்தம் இல்லாத பாட்டு. சினிமாப் பாட்டுப் பட்டியலுக்கு வாலிலே காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம் இருக்கும்! வீட்டுக்கு வந்து போட்டால், எழுதிக் கொடுத்த பாட்டெல்லாம் ஒரு வருஷத்திலே சலித்துவிடும். அந்த மிச்ச நாடாப் பாட்டு மனசிலே உட்கார்ந்துகொள்ளும். ‘அண்ணே, அதை ஏன் போட்டீங்க?’ என்று கேட்டால், ‘நல்லா இருந்துச்சு, நீயும் கேட்கட்டுமேன்னு போட்டேன்’ என்பார். நடுவர் அவர்களே, ‘நீயும் கேட்கட்டுமே’ என்கிற அந்த நாலு எழுத்து மனசு இருக்கிறதே, அதை எந்தக் கணக்கிலே எழுதுவீர்கள்?

இயந்திரம் எத்தனை தடவை என்று எண்ணும். எதற்காக என்று அதற்குத் தெரியாது. என் பேரன் சோறு சாப்பிடுவதற்காக என் செல்போனிலே காக்கா, குருவிப் பாட்டு போட்டுக் கொடுப்போம். ஒரு வாய்க்கு ஒரு பாட்டு. விளைவு என்ன? தொல்காப்பியம் நடத்துகிற எனக்கு, ‘உங்கள் ரசனைக்கேற்ற பாடல்கள்’ என்று காலையிலே எழுந்ததும் யானைக்குட்டிப் பாட்டு வருகிறது! (பலத்த சிரிப்பு) சரி, அது சிரிப்பு.

சிரிக்க முடியாததையும் சொல்கிறேன். ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். வளர்ந்த பிள்ளை போய்விட்டான். அவன் விரும்பிக் கேட்ட பாட்டு ஒன்று. பெற்றவள் ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு அதைப் போட்டுக் கேட்கிறாள். தினமும் கேட்கிறாள். வருஷம் முடிகிறது. பெட்டி கணக்கு எடுக்கிறது. 300 தடவை! உடனே வண்ண வண்ணப் பூப் போட்டு அவளுக்கு வாழ்த்து வருகிறது: ‘இந்த வருஷம் நீங்கள் மிகவும் ரசித்த பாட்டு!’ ஐயா, அவள் ரசித்தாளா? அவள் அழுதாள். எண்ணிக்கை சரி, அர்த்தம் தப்பு. அதே பாட்டைப் பக்கத்து வீட்டு அம்மா சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டிருப்பாள். ஒரு தடவை கேட்டாலே போதும், அவளுக்குப் புரியும். மறுநாள் காலையிலே காபியோடு வந்து சும்மா பக்கத்திலே உட்காருவாள். அவள்தான் கேட்டவள். பெட்டி எண்ணியது; அவ்வளவுதான். (கைதட்டல்)

அடுத்து, எதிரணி அம்மையார் ஒரு வாதம் வைத்தார்கள். ‘லட்சம் பேர் கேட்டது நல்ல பாட்டாகத்தானே இருக்கும்? லட்சம் காது பொய் சொல்லுமா?’ என்றார்கள். நியாயமான கேள்வி. இதற்கு நான் பதில் சொல்லவில்லை; ஒரு பரிசோதனை பதில் சொல்கிறது.

மேத்யூ சால்கனிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் என்கிற மூன்று ஆய்வாளர்கள் 2006இலே ‘சயன்ஸ்’ இதழிலே ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். யாருக்கும் தெரியாத குழுக்களின் 48 பாட்டுகளை இணையத்திலே வைத்தார்கள். 14,341 பேர் வந்து கேட்டார்கள். ஒரு கூட்டத்துக்குப் பாட்டை மட்டும் காட்டினார்கள். மற்றவர்களை 8 தனித்தனி உலகமாகப் பிரித்து, உங்களுக்கு முன்னாலே எத்தனை பேர் இதை எடுத்துக்கொண்டார்கள் என்கிற எண்ணிக்கையையும் காட்டினார்கள். என்ன ஆயிற்று? எண்ணிக்கையைக் காட்டின இடத்திலே பெரிய பாட்டு மேலும் பெரிதாயிற்று. சின்னப் பாட்டு மேலும் சிறுத்தது. அதுமட்டுமா? ஒரே பாட்டு ஓர் உலகத்திலே முதலிடம். இன்னோர் உலகத்திலே 40ஆவது இடம்! பாட்டு ஒன்றுதான். காதும் அதே மாதிரிக் காதுதான். முதலிலே வந்த நாலு பேர் எதைத் தொட்டார்கள் என்பதிலேதான் வித்தியாசம். ஆக, அம்மா, லட்சம் காது பொய் சொல்லாது. ஆனால் எண்ணிக்கையைக் கண்ணுக்கு முன்னாலே காட்டினால் காது கண்ணுக்குப் பின்னாலே போய்விடுகிறது! (கைதட்டல்)

இதனாலே யாருக்கு நஷ்டம்? நம்மவர்களுக்கு. சாத்தூர் பிச்சைக்குட்டி என்று வில்லிசையிலே பேர் பெற்ற கலைஞர் இந்த மாவட்டத்துக்காரர். இப்படிப்பட்ட கலைஞர்களை ஊர் எப்படிக் கண்டுபிடித்தது? பக்கத்து ஊர்க் கோவில் கொடையிலே கேட்டவன் தன் ஊருக்கு வந்து, ‘வர்ற வருஷம் நம்ம ஊருக்கும் இவரைத்தான் கூப்பிடணும்’ என்று நாலு பேரோடு சண்டை போட்டுக் கூப்பிட்டான். அது ஆற்றுப்படை! இன்றைக்கு ஒரு வில்லுப்பாட்டுக்காரர் தம் பாட்டைப் பதிந்து இணையத்திலே ஏற்றினால் கதை என்ன? 2024 முதல் ஸ்பாட்டிஃபை ஒரு விதி வைத்திருக்கிறது. முந்தின 12 மாதத்திலே 1,000 தடவையாவது ஓடாத ஒலிப்பதிவுக்கு உரிமத்தொகை கிடையாது. கேட்டவர் குறைவு என்பதாலே பெட்டி எடுத்துக் காட்டாது. எடுத்துக் காட்டாததாலே கேட்பவர் குறைவு. இந்தச் சுழலிலே அந்தக் கலைஞர் எங்கே கரையேறுவார்?

இன்னொன்றும் கேளுங்கள். 2020இலே அதே கம்பெனி ஓர் ஏற்பாடு கொண்டுவந்தது. உரிமத்தொகையைக் குறைத்து வாங்கிக்கொள்ளச் சம்மதித்தால், தானாகப் பாட்டு எடுத்துக் கொடுக்கிற இடங்களிலே உங்கள் பாட்டுக்குக் கொஞ்சம் கூடுதல் வாய்ப்பு. நம் ஊரிலே இதற்கு ஒரு பேர் உண்டு. நாகரிகமான மேடை, சொல்ல மாட்டேன்! (சிரிப்பு) நமக்குப் பிடிக்கும் என்பதற்காக வந்த பாட்டு எது, விலை குறைத்ததற்காக வந்த பாட்டு எது என்று நமக்கு எப்படித் தெரியும்? கேசட் கடைக்காரர் மிச்ச நாடாவிலே போட்ட பாட்டுக்கு யாரிடமும் கமிஷன் வாங்கவில்லையே!

உடனே எதிரணியிலே இருந்து கேட்பார்கள். ‘மனிதர்கள் மட்டும் யோக்கியமா? வாசலை அடைத்தவர்களும் மனிதர்கள்தானே?’ என்று. கேட்க வேண்டிய கேள்விதான். 1952இலே பி. வி. கேஸ்கர் மத்திய அமைச்சராக வந்தார். சாஸ்திரிய இசைமேல் பற்று. அகில இந்திய வானொலியிலே சினிமாப் பாட்டு இறங்கிப்போயிற்று. ஜனங்கள் என்ன செய்தார்கள்? வானொலிப் பெட்டியின் முள்ளைத் திருப்பினார்கள். இலங்கை வானொலி கேட்டார்கள்! மயில்வாகனனின் குரலுக்காகத் தமிழ்நாடே காத்துக் கிடந்தது. கடல் தாண்டித் தபால் எழுதி, நம் ஊர்ப் பேரை அந்தக் குரலிலே கேட்கக் காத்திருந்தார்கள். கடைசியிலே 1957இலே நம் அரசாங்கமும் விவித பாரதியைத் தொடங்க வேண்டியதாயிற்று. மனிதன் வாசலை அடைத்தான், உண்மை. ஆனால் அடைத்தவன் யார் என்று தெரிந்தது. அவனோடு சண்டை போட முடிந்தது. பத்திரிகையிலே எழுத முடிந்தது. இன்றைக்கு ஒரு பாட்டு நமக்கு ஏன் வருகிறது, ஒரு பாட்டு ஏன் வரவே இல்லை என்று யாரிடம் போய்க் கேட்பது? எந்த விலாசத்துக்குக் கார்டு போடுவது?

அம்மையார் இன்னொன்றும் சொன்னார்கள். அதை நான் தலைவணங்கி ஏற்றுக்கொள்கிறேன். ‘கேசட் கடையிலே நின்றதெல்லாம் ஆண்கள். பெண்பிள்ளை அங்கே போய் நிற்க முடியுமா? இன்றைக்கு அவள் தறி மேடையிலே இருந்தபடியே, மில்லுக்குப் போகிற பஸ்ஸிலே இருந்தபடியே, தனக்குப் பிடித்த பாட்டைத் தானே கேட்கிறாள்’ என்றார்கள். சத்தியமான பேச்சு. கதவைத் திறந்துவிட்டது அந்தக் கருவி. அதற்கு ஒரு கும்பிடு. ஆனால் அம்மா, அதே பஸ்ஸிலே பாருங்கள். இரண்டு பெண்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரே கம்பி, இரண்டு காது. ஒரு முனை இவள் காதிலே, மறுமுனை அவள் காதிலே. ‘ஏய், இந்தச் சரணத்தைக் கேளுடி!’ என்கிறாள். அங்கேதான் பாட்டு போய்ச் சேர்ந்தது. பாதையைப் போட்டது கருவி; கையைப் பிடித்துக் கூட்டிப் போனது தோழி! (பலத்த கைதட்டல்)

இது நெசவாளர் ஊர். உங்களுக்குத் தெரியாததா? நூல் 80ஆம் நம்பரா, 100ஆம் நம்பரா என்று கணக்குச் சொல்லலாம். நீளம் சொல்லலாம். எத்தனை சேலை விற்றது என்று சொல்லலாம். ஆனால் ‘இதைக் கட்டிப் பாருக்கா, சித்திரை வெயிலுக்கு உடம்போட ஒட்டாம இருக்கும்’ என்று யார் சொல்ல முடியும்? கட்டினவள்தான் சொல்ல முடியும்.

கட்டினவள், உடுத்தினவள், சூடினவள் என்று சொன்னதும் எனக்கு இந்த மண்ணின் மகள் ஞாபகம்தான் வருகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் இங்கிருந்து கூப்பிடு தூரம். பெரியாழ்வார் கட்டி வைத்த மாலையைப் பெருமாளுக்கு முன்னாலே தான் சூடிப் பார்த்தாள் ஆண்டாள். தகப்பனார் பதறினார், வேறு மாலை கட்டினார். பெருமாள் என்ன சொன்னார்? ‘புதுசு வேண்டாம். அவள் சூடினதைக் கொடு’ என்றார். இன்றைக்கும் ஆண்டாள் சூடிக் களைந்த மாலை புரட்டாசிப் பிரம்மோற்சவத்துக்குத் திருப்பதிக்குப் போகிறது. சித்திரையிலே மதுரைக் கள்ளழகருக்குப் போகிறது. தொடாத மாலை திருப்பதியிலே கிடைக்காதா? டன் கணக்கிலே கிடைக்கும். இங்கிருந்து ஏன் போக வேண்டும்? சூடினவள் ஒருத்தி இருக்கிறாள் என்பதற்காக!

நடுவர் அவர்களே, இயந்திரம் கொடுக்கிற பாட்டு யாரும் சூடாத மாலை. வாடாமல் இருக்கும், வரிசையாக வரும், திங்கட்கிழமை தவறாமல் வரும். கேசட் கடைக்காரர் கொடுத்தது, பஸ்ஸிலே தோழி கொடுத்தது, கொடையிலே கேட்டு வந்தவன் கொடுத்தது, இவையெல்லாம் சூடிக் கொடுத்த மாலை. தான் கேட்டு, தான் கரைந்து, ‘நீயும் கேளு’ என்று கொடுத்தது. கருவி இருக்கட்டும். தேடுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் பிள்ளைக்கு, பேத்திக்கு, பக்கத்துத் தறிக்காரருக்கு, உங்களை அழ வைத்த ஒரு பாட்டை நீங்களே கொடுங்கள். ஏன் பிடித்தது என்று ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்கள். அந்த ஒரு வார்த்தையை எண்ணுவதற்கு இன்னும் இயந்திரம் வரவில்லை.

ஆகவே, நல்ல இசையை நம்மிடம் கொண்டு சேர்ப்பது மனிதர் காதே, மனிதர் காதே என்று தீர்ப்பளிக்குமாறு நடுவர் அவர்களை வேண்டி அமர்கிறேன். (பலத்த கைதட்டல்)